விந்தும் மூன்று மாதப் பயிர்தான்

விதைத் திருவிழாவோ பயிற்சி முகாமோ, கூட்டம் கலையும் நேரத்தில்தான் அந்தக் கேள்வி வரும். மேடையில் யாரும் கேட்க மாட்டார்கள். ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா, சந்தை விலை எல்லாம் பேசி முடித்து மூட்டை கட்டும்போது ஒரு தம்பி பக்கத்தில் வந்து நிற்பார். "அண்ணே, மாப்பிள்ளைச் சம்பா அஞ்சு கிலோ கிடைக்குமா? விதைக்கு இல்லண்ணே, சாப்பிடத்தான்" என்பார். கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் என்று கேட்பேன். மூணு, அஞ்சு, எட்டு என்று ஏதாவது சொல்வார். "வீட்டுல எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சுண்ணே. அவங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க." சரி, நீங்க எடுத்தீங்களா என்று கேட்டால் பதில் வராது.

நான் மருத்துவன் இல்லை. பதினைந்து வருஷமாக நஞ்சில்லாமல் நெல்லும் உளுந்தும் போடுகிற ஆள். மண் கெட்டால் விளைச்சல் குறையும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறோம். உடம்பு கெட்டால் என்ன குறையும் என்பதை மட்டும் ஒதுங்கி நின்று கிசுகிசுக்கிறோம். இதை வெளிச்சத்தில் பேச வேண்டும், அதுவும் முக்கியமாக ஆண்களோடு பேச வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். தெரிந்த மருத்துவர்களிடம் கேட்டதும், படித்ததும், வயலில் பார்த்ததும் இதில் இருக்கிறது.

பாதிப் பங்கு நம்முடையது

கணவனும் மனைவியும் கருத்தடை எதுவும் இல்லாமல் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால், அதைக் குழந்தையின்மை என்று மருத்துவம் சொல்கிறது. உலகத்தில் பெரியவர்களில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இதைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. இது ஊருக்கு ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை. தெருவுக்குத் தெரு இருக்கிறது.

இப்படிப்பட்ட தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, ஆண் மட்டுமோ அல்லது இருவரும் சேர்ந்தோ காரணமாக இருக்கிறார்கள். ஆனால் நம் ஊரில் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவது யார்? மனைவி. ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, ஹார்மோன் பரிசோதனை, குழாயில் சாயம் விட்டு எடுக்கிற எக்ஸ்ரே என்று அவள் உடம்பு படாத பாடு படும். நகை அடகுக்குப் போகும். சில வீட்டில் நிலமே போகும். கணவனுக்குச் செய்ய வேண்டியது ஒரே ஒரு விந்துப் பரிசோதனை. ஊசி இல்லை, வலி இல்லை, செலவும் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். அதைத்தான் கடைசியில் செய்கிறோம். சிலர் கடைசி வரை செய்வதே இல்லை. 'அவளுக்குத்தான் வயிறு திறக்கல' என்று ஊர் பேசிக்கொண்டே இருக்கும். சில வீட்டில் அதே காரணம் சொல்லி இரண்டாவது கல்யாணமும் பேசி முடித்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் தெளிவாக்கிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொன்னது. இதைக் காட்டி 'பாத்தீங்களா, நாட்டுல மலட்டுத்தன்மை பெருகிருச்சு' என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. அது தப்பு. நம் பெண்கள் படித்து, யோசித்து, ஒன்று அல்லது இரண்டு போதும் என்று முடிவெடுத்ததால் வந்த எண் அது. பிள்ளை வேண்டாம் என்று நிறுத்தியவர்களையும், வேண்டும் வேண்டும் என்று ஏங்குகிறவர்களையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது.

எழுபத்து நாலு நாள் வளர்ச்சி

பயிர்க்காலம் என்றால் நமக்குத் தெரியும். குறுவைக்கு நூறு, நூற்றுப் பத்து நாள். விதைத்த அன்றைக்கு வாங்கிய அடி தூர் கட்டும்போது தெரியும். பொதி பிடிக்கும்போது பட்ட வெயில் அறுவடையில் தெரியும்.

விந்தணுவுக்கும் இதே கணக்கு உண்டு. விதைப்பையில் ஒரு அணு பிறந்து, பிரிந்து, வால் முளைத்து உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும். பிறகு அதை ஒட்டிய சுருள் குழாயில் முதிர்ந்து, நீந்தக் கற்றுக்கொள்ள இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள். மொத்தம் மூன்று மாதம். இன்றைக்கு ஒரு ஆண் பரிசோதனைக்குக் கொடுக்கும் விந்து, மூன்று மாதத்துக்கு முன்னால் விதைத்த பயிர். நடுவில் கடுமையான காய்ச்சல் வந்திருந்தால், தினமும் குடித்திருந்தால், முதுகில் மருந்து டாங்க் ஒழுகியிருந்தால் அது இன்றைய கணக்கில் தெரியும்.

இதில் நல்ல செய்தியும் இருக்கிறது. ஆணின் உடம்பில் அறுவடை முடிந்து தரிசு விழுவதில்லை, விதைப்பு நாள்தோறும் நடக்கிறது. கெடுக்கிறதை நிறுத்தினால் அடுத்த மூன்று மாதப் பயிர் தேறுவதற்கு வாய்ப்பு உண்டு.

பெண்ணின் கதை வேறு. அவளுக்கு விதைக்கோட்டை பிறக்கும்போதே கட்டியாகிவிட்டது. அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே வாழ்நாளுக்கான கருமுட்டைகள் எல்லாம் உண்டாகிவிடும். பிறக்கும்போது பத்து இருபது லட்சம் இருக்கும். வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம் மிஞ்சும். அதில் முதிர்ந்து வெளியே வருவது வாழ்நாளில் நானூறு, ஐந்நூறுதான். புதிதாகச் சேராது. அதனால் பெண்ணுக்கு வயது பெரிய கணக்கு, முப்பத்தைந்துக்கு மேல் வேகமாகக் குறையும். ஆனால் ஒரு முட்டை முதிர்ந்து வெடிப்பதற்கு முந்தைய கடைசிக் கட்ட வளர்ச்சிக்கும் மூன்று மாதம் போலத்தான் ஆகிறது. அந்த மூன்று மாதச் சாப்பாடும் தூக்கமும் அவளுக்கும் முக்கியம்.

கலிபோர்னியாவில் ஒரு சாப்பாட்டு இடைவேளை

1977-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லாத்ரோப் என்ற ஊரில் ஒரு பூச்சிக்கொல்லி ஆலை. அங்கே டி.பி.சி.பி. என்ற நூற்புழுக்கொல்லியைத் தயாரித்தார்கள். நேமகான் என்ற பெயரில் விற்ற சரக்கு அது. வாழை, அன்னாசி, திராட்சை வேரில் வரும் நூற்புழுவுக்கு மண்ணில் ஊசி போட்ட மாதிரி செலுத்துவார்கள்.

அந்த ஆலையின் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசும்போதுதான் ஒன்று புரிந்தது. அந்தப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த பிறகு யாருக்கும் பிள்ளை பிறக்கவில்லை. பரிசோதித்துப் பார்த்தால் பலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு அறவே இல்லை. பார்க்க எல்லாரும் திடகாத்திரமான ஆட்கள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, தாம்பத்தியத்தில் குறை இல்லை. வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் உள்ளே பயிர் கருகியிருந்தது. இதே நஞ்சு எலிகளின் விதைப்பையைச் சுருக்குகிறது என்பது 1961-லேயே ஆய்விதழில் அச்சாகியிருந்தது. பதினாறு வருஷம் அதை யாரும் தொழிலாளர்களிடம் சொல்லவில்லை.

1979-ல் அமெரிக்காவில் பெரும்பாலான பயிர்களுக்கு அதைத் தடை செய்தார்கள். ஆனால் கோஸ்டாரிகா, நிகராகுவா வாழைத் தோட்டங்களில் அந்தச் சரக்கு புகுந்து, ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் பிள்ளை பெற முடியாமல் போய், பல பத்தாண்டுகள் நீதிமன்றப் படி ஏறினார்கள். வேலையை விட்ட பிறகு சிலருக்கு விந்தணு திரும்பி வந்தது, சிலருக்கு வரவே இல்லை. அளவும் காலமும் அதிகமானால் திரும்பி வருவது கடினம்.

நம் பக்கத்திலேயே காசர்கோடு இருக்கிறது. அங்கே முந்திரித் தோட்டங்களில் இருபது வருஷத்துக்கு மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். குழந்தைகள் உடல் ஊனத்தோடும் மூளை வளர்ச்சிக் குறையோடும் பிறந்ததை நாம் படங்களில் பார்த்தோம். பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம் உண்டு. அந்தத் தோட்டத்தின் அடிவாரக் கிராமத்தில் 10 முதல் 19 வயது வரையுள்ள 117 பையன்களைத் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் ஆராய்ந்தது. தெளிப்பு இல்லாத ஊர்ப் பையன்களோடு ஒப்பிட்டால், இவர்கள் பருவத்துக்கு வருவது தாமதமாக இருந்தது. இரத்தத்தில் எண்டோசல்பான் அதிகமாக இருந்தது. அந்த ஆய்வு 2003-ல் வெளிவந்தது. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011-ல்தான் நாடு முழுவதும் நிறுத்தியது.

ஒழுகுகிற டாங்க்

இதெல்லாம் எங்கேயோ நடந்தது என்று நினைக்க வேண்டாம். நம்ம ஊரில் மருந்து அடிக்கிற காட்சியை நினைத்துப் பாருங்கள். (நஞ்சுக்கு 'மருந்து' என்று பெயர் வைத்ததே முதல் கேடு.) முதுகில் தெளிப்பான். மூடி சரியாக இறுகாது. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தளும்பி முதுகில் வழிந்து, இடுப்பில் இறங்கி, லுங்கியும் உள்ளாடையும் நனையும். அதே ஈரத்தோடு மத்தியானம் வரை வேலை.

தோல் என்றால் உடம்பு முழுக்க ஒரே தோல் இல்லை. பாராத்தியான் என்ற பூச்சிக்கொல்லியை வைத்து அமெரிக்காவில் சோதித்தபோது, முன்கைத் தோல் உறிஞ்சியதைப் போல ஏறக்குறைய 12 மடங்கு விதைப்பைத் தோல் உறிஞ்சியது. உடம்பிலேயே அதிகம் உறிஞ்சுகிற இடம் அதுதான். நாம் கைக்கு உறை போடுவதைப் பற்றி மட்டும் பேசுகிறோம். நனைந்த லுங்கியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தம்பி. சொந்தமாக முக்கால் ஏக்கர்தான். மீதி நாளில் பருத்திக்கும் நெல்லுக்கும் கூலிக்கு மருந்து அடிப்பார். ஒரு நாளைக்கு எத்தனை டாங்க் அடித்தாரோ அத்தனைக்குக் கூலி. கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. அவர் அம்மா என்னிடம், "நீ சொன்னா கேப்பான்ப்பா, வேற பொண்ணு பாக்கச் சொல்லு" என்றார். "அக்கா, பொண்ணு பாக்குறதுக்கு முன்னால பையனப் பாப்போம். ஒரு டெஸ்ட்டுக்கு அனுப்பி வைங்க" என்றேன். ஒரு மாதம் என்னோடு அவர் பேசவில்லை. பிறகு தம்பியே தனியாகப் போய் எடுத்துவிட்டு வந்தார். அணுக்களும் குறைவு, அசைவும் குறைவு.

மருத்துவர் சொன்னதைக் கேட்டு அவர் மூன்று காரியம் செய்தார். கூலிக்கு மருந்து அடிப்பதை விட்டுவிட்டு நாற்றுப் பறிப்பு, வரப்பு வெட்டு, ஆடு என்று மாறினார். வாயில் அடக்குகிற புகையிலையை விட்டார். ராத்திரிச் சாப்பாட்டைப் பரோட்டாக் கடையிலிருந்து வீட்டுக்கு மாற்றினார். ஆறு மாதம், அதாவது இரண்டு போகம் கழித்து எடுத்த பரிசோதனையில் எண்ணிக்கை கீழ் வரம்பைத் தாண்டியிருந்தது. மூன்றில் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிள்ளையும் பிறந்துவிட்டது என்று எழுதினால் உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும், எனக்கும்தான். இன்னும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் 'அவளுக்குத்தான் குறை' என்கிற பேச்சு நின்றுபோனது. வேற பொண்ணு பார்க்கச் சொன்ன அதே அம்மா, "ரெண்டு பேரும் சேர்ந்து போய்க் காட்டிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்புகிறார். இது பெரிய மாற்றம்.

இயற்கை விவசாயத்துக்கு மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லுவேன். மண் தேறி விளைச்சல் நிலைப்பதற்கு மூன்று, நான்கு வருஷம் ஆகலாம். முதுகிலிருந்து அந்த டாங்கை இறக்கி வைத்த பலன் உடம்புக்கு முதல் போகத்திலேயே தொடங்கும்.

சந்தைக்குப் போகும் காயும் வீட்டுக்கு வரும் காயும்

மருந்து அடிக்கிறவருக்கு மட்டும்தான் ஆபத்தா? அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் குழந்தைப்பேறு சிகிச்சைக்கு வந்தவர்களை ஹார்வர்டு ஆய்வாளர்கள் பல வருஷம் கவனித்தார்கள். நஞ்சு மிச்சம் அதிகமாக இருக்கிற காய், பழங்கள் எவை, குறைவாக இருக்கிறவை எவை என்று அரசுப் பரிசோதனைக் கணக்கை வைத்துப் பிரித்தார்கள். 2015-ல் 155 ஆண்களின் முடிவு வந்தது. நஞ்சு மிச்சம் அதிகமான காய் பழங்களை மிக அதிகமாகச் சாப்பிட்டவர்களுக்கு, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களை விட மொத்த விந்தணு 49 சதவீதம் குறைவு. 2018-ல் சோதனைக் குழாய் முறை போன்ற சிகிச்சையில் இருந்த 325 பெண்களின் முடிவு. அவர்களிலும் அதே பிரிவில் குழந்தை பிறந்த வாய்ப்பு 26 சதவீதம் குறைவு.

இதை வைத்துக் காய்கறியே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நஞ்சு மிச்சம் குறைந்த காய்கறிகளைச் சாப்பிட்டவர்களுக்கு இந்தக் கெடுதல் தெரியவில்லை. கவனித்துச் செய்த ஆய்வு இது, ஆட்களைப் பிரித்து வைத்துச் செய்த சோதனை இல்லை. அதனால் 'நிரூபணம்' என்று மார்தட்டக் கூடாது. ஆனாலும் திசை தெளிவாக இருக்கிறது. காய் நிறையச் சாப்பிடு, நஞ்சில்லாததைச் சாப்பிடு.

இங்கே நம்மை நாமே ஒரு கேள்வி கேட்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் சந்தைக்கு நஞ்சில்லாத கத்தரிக்காயும் வெண்டையும் அனுப்பிவிட்டு, அந்தக் காசில் கடைவீதியில் காலிஃபிளவரும் திராட்சையும் வாங்கி வருகிறோம்? மாப்பிள்ளைச் சம்பாவைக் கிலோ கணக்கில் விற்றுவிட்டு வீட்டில் பாலிஷ் போட்ட அரிசி பொங்குகிறோம்? வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட்டில் ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, நாலு பாத்தி கீரை, அவரைப் பந்தல். முதல் பங்கு அடுப்படிக்கு, மிச்சம் சந்தைக்கு என்று வையுங்கள்.

தட்டில் என்ன இருக்கட்டும்

அமெரிக்காவில் செவிலியர்களை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வில் 17,544 பெண்களை எட்டு வருஷம் கவனித்தார்கள். 2007-ல் முடிவு வந்தது. டால்டா போன்ற கெட்டியாக்கிய எண்ணெயில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பு கூடக் கூட, முட்டை வெளியேறாத கோளாறும் கூடியது. பயறு, பருப்பு போன்ற செடிப் புரதம் சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது. கொழுப்பு எடுத்த பாலை விட முழுப் பால் சாப்பிட்டவர்களுக்கு நல்லதாக இருந்தது. பொதுவாகப் பார்த்தால் நம் பாட்டி அடுப்படிதான். பேக்கரி பப்ஸும் க்ரீம் பன்னும் அதில் இல்லை. நம் நாட்டில் எண்ணெயிலும் உணவிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 2022 ஜனவரி முதல் விதி இருக்கிறது. விதி இருந்தாலும் வாங்குகிறவர் கண்ணும் வேண்டும்.

ஆண்களுக்கும் ஒரு சோதனை உண்டு. 117 ஆரோக்கியமான இளைஞர்களில் பாதிப் பேருக்குத் தினம் 75 கிராம் அக்ரூட் பருப்பு, பன்னிரண்டு வாரம் கொடுத்தார்கள். விந்தணுவின் உயிர்ப்பும் அசைவும் வடிவமும் தேறின. பன்னிரண்டு வாரம் ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும். அக்ரூட் வாங்க நம்மால் முடியாது. நம்மிடம் எள் இருக்கிறது, நிலக்கடலை இருக்கிறது, பூசணி விதை இருக்கிறது. நல்ல கொழுப்பும், வைட்டமின் ஈயும், துத்தநாகமும் அவற்றிலும் உண்டு. பெண் வயதுக்கு வந்தால் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் கொடுக்கிற ஊர் நம்முடையது. அதைப் பதினாறு நாளோடு நிறுத்தாமல், கல்யாணத்துக்குப் பிறகும் தொடரலாம். மாப்பிள்ளைக்கும் ஒரு உருண்டை கொடுக்கலாம்.

சரி, இதற்குப் பதில் மாத்திரை போட்டுக்கொண்டால் என்ன? அதையும் சோதித்திருக்கிறார்கள். 2,370 ஆண்களில் ஒரு பகுதியினருக்குத் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் மாத்திரையாகக் கொடுத்தார்கள். 2020-ல் வந்த முடிவில் விந்தும் தேறவில்லை, பிள்ளை பிறப்பதும் கூடவில்லை. ஆண்மை என்று அட்டையில் போட்டு ஆயிரக்கணக்கில் விற்கிற டப்பாக்களை வாங்குமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் மட்டும் இதில் விதிவிலக்கு. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண், ஒரு மாதம் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுப்பது குழந்தையின் முதுகுத்தண்டு வளர்ச்சிக்கு அவசியம். கீரை சாப்பிடுகிறேனே என்று அதை விடக் கூடாது.

மாப்பிள்ளைச் சம்பா? இளவட்டக்கல் தூக்கப் போகிற மாப்பிள்ளைக்குக் கொடுத்த அரிசி என்று சொல்லுவார்கள். நானும் அதைப் போடுகிறேன், சாப்பிடுகிறேன். தவிடு நீக்காத சிவப்பரிசி சர்க்கரையை மெதுவாக ஏற்றும், நார்ச்சத்தும் தாதுக்களும் தரும். இவ்வளவுதான் நான் வாங்குகிறவரிடம் சொல்வது. 'சாப்பிட்டா பிள்ளை பிறக்கும்' என்று சொல்லி விற்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஏங்கிக் கிடக்கிறவர்களின் ஏக்கத்துக்கு விலை வைக்கக் கூடாது. அது நம் இயக்கத்துக்கு அழகில்லை.

சூடு, புகை, குடி, ஊசி

விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவதற்குக் காரணம் உண்டு. உடம்பின் சூட்டை விட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் அங்கே அணு விளையும். பாய்லர், செங்கல் காளவாய், பரோட்டாக் கல், நீண்ட தூர லாரி, மடியில் லேப்டாப், இறுக்கமான ஜீன்ஸ் எல்லாமே அந்த இடத்துக்குச் சூடு. வேலையை விட முடியாது. நடுநடுவே எழுந்து நடக்கலாம். வீட்டுக்கு வந்தால் வேட்டியோ லுங்கியோ கட்டலாம். நம் பழைய உடுப்பு இந்த ஊர் வெயிலுக்கு வந்ததுதான்.

புகையிலை எந்த வடிவில் போனாலும் விந்தணுவைக் குறைக்கும், வடிவத்தைக் கெடுக்கும். மனைவி புகைக்காவிட்டாலும் கணவன் விடும் புகை அவள் முட்டைக்கும் கேடு. தினசரிக் குடியும் அப்படித்தான்.

இப்போது சிறு நகர உடற்பயிற்சிக் கூடங்களில் பையன்கள் உடம்பு ஏற்ற ஊசி போட்டுக்கொள்கிறார்கள். ஆண் ஹார்மோன்தானே, ஆண்மை கூடும் என்று நினைப்பு. நடப்பது நேர் எதிர். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் உடம்பு தன் உற்பத்தியை நிறுத்திவிடும். உலக சுகாதார நிறுவனம் இதே ஹார்மோனை வார ஊசியாகக் கொடுத்து, ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்து 1990-ல் முடிவை வெளியிட்டது. கருத்தடை ஊசியைக் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டு பிள்ளை இல்லையே என்று கலங்குகிறார்கள்.

பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டியும் மாதவிலக்குத் தள்ளிப்போவதும் இப்போது அதிகம் கேட்கிற பேச்சு. அந்தக் கோளாறோடு எடையும் கூடியிருந்தால், எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காகிறது. 70 கிலோ இருப்பவர் நாலு முதல் ஏழு கிலோ. வெள்ளைச் சர்க்கரை, மைதா, பாட்டில் குளிர்பானம் மூன்றையும் விட்டு, நடையைக் கூட்டினால் எட்டக்கூடிய தூரம்தான். களை எடுக்கிற பெண்ணுக்கு நடை போதும், அவளுக்கு வேண்டியது தூக்கமும் இரும்புச்சத்தும். மருந்து அடித்த வயலில் அன்றைக்கே களை எடுக்கவோ பருத்தி பறிக்கவோ அவளை இறக்கக் கூடாது. மருந்து அடித்த லுங்கியை வீட்டுத் துணியோடு சேர்த்து அவள் கையால் துவைப்பதும் கூடாது.

சாப்பாட்டால் ஆகாததும் உண்டு

எல்லாம் உணவால் சரியாகும் என்று நான் சொல்லவில்லை. பெண்ணுக்குக் கருக்குழாய் அடைத்திருந்தால் கீரை திறக்காது. ஆணுக்கு விதைப்பை நரம்பு சுருண்டு வீங்கியிருக்கலாம். பொதுவாக நூறு ஆண்களில் பதினைந்து பேருக்கு அது இருக்கிறது, பிள்ளை இல்லாத ஆண்களில் இன்னும் அதிகம். அதற்கு அறுவை செய்தால் பலருக்குப் பலன் கிடைக்கிறது. தைராய்டு, சர்க்கரை, சிறு வயதில் வந்த பொன்னுக்கு வீங்கி என்று காரணம் பல. இவற்றுக்கெல்லாம் மருத்துவர் வேண்டும். மனைவிக்கு முப்பத்தைந்து தாண்டியிருந்தால் ஓராண்டு காத்திருக்காமல் ஆறு மாதத்திலேயே போக வேண்டும். லேகியம், கயிறு, பரிகாரம் என்று வருஷங்களைத் தொலைத்துவிட்டால் அந்த வருஷங்கள் திரும்பி வராது.

பிள்ளை வேண்டும் என்று இருக்கிற தம்பதிகளுக்கு ஒரு போகத்துக்கான வேலைப் பட்டியல்:

1. முதல் வாரத்தில் கணவன் விந்துப் பரிசோதனை எடுக்கட்டும். அதற்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் உறவு தவிர்க்க வேண்டும். எண்ணிக்கைக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன கீழ் வரம்பு மில்லிக்கு 1.6 கோடி. குறைவாக வந்தால் பதற வேண்டாம், சில வாரம் விட்டு மறுபடி எடுக்க வேண்டும்.

2. அன்றிலிருந்து சொந்த வயலிலும் கூலிக்கும் நஞ்சு தெளிப்பதில்லை. பக்கத்து வயலில் அடித்தால் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நகர்ந்துவிடுங்கள்.

3. தவிர்க்கவே முடியாத கூலி ஆள் என்றால், டாங்க் மூடியைச் சரிபார்த்து, முதுகுக்கும் இடுப்புக்கும் பிளாஸ்டிக் தாள் கட்டி அடியுங்கள். நனைந்தால் உடனே சோப்புப் போட்டுக் குளித்து மாற்றுங்கள்.

4. புகையிலை, குடி, உடம்பு ஏற்றும் ஊசி மூன்றும் நிறுத்தம்.

5. தவிடுள்ள அரிசி அல்லது சிறுதானியம், தினம் ஒரு பயறு, ஒரு கீரை, ஒரு கைப்பிடி கடலை அல்லது எள்ளுருண்டை, ஒரு பழம். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நாட்டுக்கோழி முட்டை, மத்தி மீன்.

6. மனைவிக்கு இரத்தசோகை, தைராய்டு பரிசோதனையும் ஃபோலிக் அமில மாத்திரையும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

7. இருவருக்கும் ஏழு மணி நேரத் தூக்கம். செல்போன் வேறு அறையில்.

8. மூன்று மாதம் முடிந்ததும் பரிசோதனையை மறுபடி எடுத்து, இரண்டு தாளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எல்லாம் செய்தும் சில பயிர் விளையாது. அது விதைத்தவர் குற்றமும் இல்லை, நிலத்தின் குற்றமும் இல்லை. தத்தெடுக்க அரசு வழி இருக்கிறது. பிள்ளை இல்லாமலும் இருவர் நிறைவாக வாழ முடியும். ஊர் செய்ய வேண்டியது ஒன்றுதான். வளைகாப்பில் அந்தப் பெண்ணையும் கூப்பிட்டு வளையல் போடச் சொல்லுங்கள், சந்தனம் பூசச் சொல்லுங்கள். 'இன்னும் விசேஷம் இல்லையா' என்று கேட்கிற வாயை மூடிக்கொள்ளுங்கள்.

தம்பிகளுக்குக் கடைசியாக ஒன்று. பரிசோதனைக்கு அவளைத் தனியாக அனுப்பாதீர்கள். இரண்டு டிக்கெட் எடுத்து, ஒரே பஸ்ஸில் சேர்ந்து போங்கள்.